எதன்மேல் எத்தனை சதவீதம்?

அத்தியாயம் 6: அன்றாட வாழ்வில் உயர்வுக் கணக்கு

மாதத் தொடக்கத்தில் நீலகிரி மாவட்டத்தின் மஞ்சூர் பஜாருக்கு வந்தால் சதவீதப் பேச்சு காதில் விழாமல் திரும்ப முடியாது. பச்சைத் தேயிலைக்கு எவ்வளவு ஏறியது என்ற பேச்சு கொள்முதல் மையத்தில் நடக்கும். டீக்கடையில் கரன்ட் பில் பற்றிய புலம்பல். குந்தா மின் திட்டத்தில் வேலை பார்ப்பவர் வீட்டில் அகவிலைப்படி மூன்று சதவீதம் கூடிய மகிழ்ச்சி. பேரூராட்சி அலுவலகத்திலிருந்து திரும்புகிறவர் கையில் வீட்டு வரி ரசீது.

இவர்கள் யாருக்கும் கூட்டல் கழித்தல் தெரியாமல் இல்லை. எடைச் சீட்டில் அரை கிலோ குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவார்கள். சதவீதத்தில் மட்டும் கணக்கு பிசகுகிறது. காரணம் ஒன்றுதான்: "பத்து சதவீதம்" என்று யாராவது சொன்னால், "எதன்மேல் பத்து?" என்று நாம் திருப்பிக் கேட்பதில்லை. நூறு ரூபாய்க்குப் பத்து சதவீதமும் ஆயிரம் ரூபாய்க்குப் பத்து சதவீதமும் ஒன்றல்ல என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் நேற்றைய விலையின்மேலா, இன்றைய விலையின்மேலா, சம்பளத்தின்மேலா, படியின்மேலா என்று வரும்போது அந்தத் தெளிவு நழுவிவிடுகிறது.

இந்த அத்தியாயம் முழுவதும் அந்த ஒரே கேள்வியைத்தான் வெவ்வேறு இடங்களில் கேட்கப் போகிறோம். பச்சைத் தேயிலை விலை, பறிகூலி, வாடகை ஆகியவற்றுக்கான எண்கள் கணக்கை விளக்குவதற்காக எடுத்துக்கொண்டவை. பேருந்துக் கட்டணம், மின் கட்டணம், சிலிண்டர் போன்றவற்றுக்கு ஆண்டு குறிப்பிட்டுத் தரும் எண்கள் உண்மையானவை.

1. எவ்வளவு சதவீதம் ஏறியது?

மூன்று படிகள்:

1. புதிய தொகையிலிருந்து பழைய தொகையைக் கழியுங்கள்.
2. வந்ததைப் பழைய தொகையால் வகுங்கள்.
3. 100ஆல் பெருக்குங்கள்.

போன மாதம் இலை கிலோ 18 ரூபாய், இந்த மாதம் 21 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 3. அதை 18ஆல் வகுத்தால் 0.1667. அதாவது 16.67 சதவீத உயர்வு. 21ஆல் வகுத்துவிட்டு 14.3 சதவீதம் என்று சொல்பவர்களும் உண்டு. அது தவறு. "இருந்ததற்கு மேல் எவ்வளவு கூடியது" என்பதுதான் கேள்வி. ஆகவே இருந்ததுதான் அடித்தொகை.

கால்குலேட்டரில் இன்னும் சுருக்கமான வழி உண்டு. 21 ÷ 18 என்று அடியுங்கள். 1.1667 வரும். முன்னால் உள்ள 1 பழைய விலை, புள்ளிக்குப் பின்னால் உள்ளது உயர்வு. விடை 1க்குக் கீழே போனால் விலை இறங்கியிருக்கிறது என்று பொருள். 0.92 வந்தால் 8 சதவீதச் சரிவு.

நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கான நாள்கூலி 2023-24இல் 294 ரூபாய், 2024-25இல் 319, 2025-26இல் 336. முதல் உயர்வு 25 ரூபாய்: 319 ÷ 294 = 1.085, அதாவது 8.5 சதவீதம். அடுத்தது 17 ரூபாய்: 336 ÷ 319 = 1.053, அதாவது 5.3 சதவீதம். இரண்டாவது உயர்வுக்கு அடித்தொகை 319. மறுபடியும் 294க்குப் போகக் கூடாது.

இதே கணக்கு ஊருக்கும் பொருந்தும். 2001 கணக்கெடுப்பில் நீலகிரி மாவட்ட மக்கள்தொகை 7,62,141. 2011இல் 7,35,394. வகுத்தால் 0.965, மூன்றரை சதவீதம் குறைந்திருக்கிறது. அதே பத்தாண்டில் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 15.6 சதவீதம் கூடியது.

2. கால்குலேட்டர் இல்லாமல்

கடை முன்னால் நின்று போனை எடுக்க வேண்டியதில்லை. நான்கு வழிகள் போதும்.

பத்தில் தொடங்குங்கள். 640 ரூபாய்க்குப் பத்து சதவீதம் 64. அதில் பாதி, 32, ஐந்து சதவீதம். 64ஐ இரட்டித்தால் 128, இருபது சதவீதம். ஒரு சதவீதம் 6.40. இந்த நான்கையும் கூட்டியும் கழித்தும் எதையும் எட்டிவிடலாம். 18 சதவீதம் வேண்டுமா? இருபதிலிருந்து இரண்டைக் கழியுங்கள்: 128 − 12.80 = 115.20.

இடம் மாற்றிப் பாருங்கள். 50க்கு 18 சதவீதமும் 18க்கு 50 சதவீதமும் ஒன்றே: 9. அதுபோல 75க்கு 4 சதவீதம் என்பது 4க்கு 75 சதவீதம்: 3. எது எளிதோ அதைச் செய்யுங்கள்.

பாட்டனார் கணக்கைப் பயன்படுத்துங்கள். கீழ்வாய் இலக்கம் மனப்பாடம் செய்த தலைமுறைக்குச் சதவீதம் புதிதல்ல. ஒரு மா என்பது இருபதில் ஒன்று, அதாவது 5 சதவீதம். இருமா 10. அரைக்கால் 12.5. மாகாணி 6.25. கால் 25. வீட்டில் பெரியவர்கள் யாராவது "அரைக்கால் பங்கு கூடிப்போச்சு" என்றால் பன்னிரண்டரை சதவீத உயர்வைத்தான் சொல்கிறார்கள்.

இரட்டிப்பாக எத்தனை ஆண்டு? 72ஐ ஆண்டு உயர்வுச் சதவீதத்தால் வகுங்கள். கடை வாடகை ஆண்டுக்கு 8 சதவீதம் ஏறினால் 72 ÷ 8 = 9 ஆண்டில் இரண்டு மடங்காகிவிடும். 6 சதவீதம் என்றால் 12 ஆண்டு. தோராயம்தான், ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் தெரிந்திருக்க வேண்டிய தோராயம்.

3. சதவீதத்தை மடங்காக்குங்கள்

இனி வரும் கணக்குகளுக்கெல்லாம் திறவுகோல் இது. 5 சதவீத உயர்வு என்றால் 1.05ஆல் பெருக்கு. 18 சதவீதம் என்றால் 1.18. பத்து சதவீதக் குறைவு என்றால் 0.90.

2022 ஏப்ரலில் தமிழ்நாட்டில் சொத்து வரி உயர்த்தப்பட்டது. சென்னை தவிர்த்த நகர்ப்புறங்களில் 600 சதுர அடிக்குட்பட்ட வீடுகளுக்கு 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50, 1,201 முதல் 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம். மஞ்சூர் அடங்கிய கீழ்குந்தா போன்ற பேரூராட்சிகளுக்கும் இந்த அடுக்குகள்தான். மடங்காகச் சொன்னால் 1.25, 1.50, 1.75, 2.

இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி வரும். 100 சதவீத உயர்வு என்றால் இரண்டு மடங்கு. 150 சதவீத உயர்வு என்றால் இரண்டரை மடங்கு. "மூன்று மடங்காகிவிட்டது" என்றால் 200 சதவீத உயர்வு, 300 அல்ல. ஏற்கெனவே இருந்த ஒரு மடங்கைக் கழிக்க மறக்கக் கூடாது.

4. ஏற்றத்தின்மேல் ஏற்றம், ஏற்றத்தின்மேல் இறக்கம்

அடுத்தடுத்து வரும் சதவீதங்களைக் கூட்டக் கூடாது. மடங்குகளைப் பெருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அடித்தொகை மாறிவிடுவதே காரணம்.

2018 ஜனவரியில் அரசுப் பேருந்துக் கட்டணம் ஏறியது நினைவிருக்கும். வெளியூர் சாதாரணப் பேருந்துக்கு கிலோமீட்டருக்கு 42 பைசா இருந்தது 60 பைசா ஆனது. 42.86 சதவீத உயர்வு. எதிர்ப்பு கிளம்பவே, அதே மாத இறுதியில் 58 பைசாவாகக் குறைத்தார்கள். 60இலிருந்து 2 பைசா இறக்கம், 3.33 சதவீதம். நிகர உயர்வு எவ்வளவு? 42.86இலிருந்து 3.33ஐக் கழித்து 39.5 என்று சொல்லத் தோன்றும். முதல் சதவீதம் 42இன்மேல், இரண்டாவது 60இன்மேல். அவற்றைக் கழிக்க வழியில்லை. நேராக 58 ÷ 42 செய்யுங்கள்: 1.381. நிகர உயர்வு 38.1 சதவீதம்.

மலைப்பாதைக்கென்று இந்தக் கட்டணத்தின்மேல் இன்னும் 20 சதவீதம் கூட்டி வாங்கினால் என்ன ஆகும்? பழையதும் 1.20ஆல் பெருகும், புதியதும் 1.20ஆல் பெருகும். கையிலிருந்து போகும் பைசா கூடும். உயர்வுச் சதவீதம் அதே 38.1ஆகவே இருக்கும்.

மின் கட்டணத்தைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 2023 ஜூலையில் 2.18 சதவீதம், 2024 ஜூலையில் 4.83, 2025 ஜூலையில் 3.16 என்று உயர்வு வந்தது. கூட்டினால் 10.17. பெருக்கினால் 1.0218 × 1.0483 × 1.0316 = 1.105, அதாவது 10.5 சதவீதம். வித்தியாசம் சிறியதுதான். ஆனால் ஆண்டுகள் ஏற ஏற, சதவீதம் பெருகப் பெருக, அது வளரும்.

இதில் இன்னொரு பாடமும் உண்டு. 2023, 2025 உயர்வுகளை வீட்டு இணைப்புகளுக்காக அரசே ஏற்றுக்கொண்டது. 2024இல் வீட்டு இணைப்பில் 400 யூனிட் வரையிலான அடுக்கில் யூனிட் 4.60 ரூபாயிலிருந்து 4.80 ஆனது, அது 4.35 சதவீதம்தான். செய்தியில் வரும் சதவீதம் மாநிலத்துக்கானது. உங்கள் சதவீதம் உங்கள் ரசீதில் இருக்கிறது.

ஏறி இறங்கினால் பழைய இடம் வருமா? இலை 20 ரூபாயிலிருந்து 20 சதவீதம் ஏறினால் 24. அதே 20 சதவீதம் இறங்கினால் 19.20. எண்பது பைசா காணாமல் போய்விட்டது. ஏறும்போது அடித்தொகை 20, இறங்கும்போது 24. அதுபோல 20இலிருந்து 15க்கு இறங்கினால் 25 சதவீதச் சரிவு. பழைய விலைக்குத் திரும்ப 25 சதவீதம் போதாது, 33.3 சதவீதம் ஏற வேண்டும். பாதியாகச் சரிந்த விலை மீள நூறு சதவீதம் ஏற வேண்டும்.

வாடகை ஒப்பந்தம். மாதம் 6,000 ரூபாய் வாடகையில் கடை. "ஆண்டுக்கு 5 சதவீதம்" என்று ஒருவர் கேட்கிறார். "மூன்று ஆண்டுக்கு ஒருமுறை 15 சதவீதம்" என்று மற்றவர் கேட்கிறார். இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். முதல் வழியில் வாடகை 6,000, 6,300, 6,615 என்று ஏறி நான்காம் ஆண்டில் 6,946 ஆகும். இரண்டாம் வழியில் மூன்று ஆண்டும் 6,000, நான்காம் ஆண்டில் 6,900. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளில் மட்டும் முதல் வழியில் 10,980 ரூபாய் கூடுதலாகக் கட்டியிருப்பீர்கள்.

சராசரி ஆண்டு உயர்வு. நூறு நாள் வேலைக் கூலி 2021-22இல் 273 ரூபாய். நான்கு ஆண்டில் 336. மொத்த உயர்வு 23.08 சதவீதம். நான்கால் வகுத்தால் 5.77. அது உண்மையைவிடக் கூடுதல். சரியான விடைக்கு 336 ÷ 273 = 1.2308 வைத்துக்கொண்டு, நான்கு ஆண்டு என்பதால் கால்குலேட்டரில் √ பொத்தானை இரண்டு முறை அழுத்துங்கள். 1.0533 வரும். ஆண்டுக்கு 5.33 சதவீதம்.

5. தேயிலைக் கணக்கு

இந்தப் பகுதியைச் சிறு தேயிலை விவசாயிகள் நிதானமாகப் படிக்க வேண்டும். விலையின் சதவீதம் ஒன்று, வரவின் சதவீதம் ஒன்று, கையில் நிற்பதன் சதவீதம் ஒன்று. மூன்றும் வேறு வேறு.

விலை எங்கிருந்து வருகிறது? குன்னூர் ஏலத்தில் தூள் விற்கும் விலையை ஒட்டி, தேயிலை வாரியம் மாதந்தோறும் நீலகிரிக்கான பச்சைத் தேயிலையின் சராசரி விலையை அறிவிக்கிறது. விற்பனையில் விவசாயிக்கும் தொழிற்சாலைக்குமான பங்கு முதலில் 60:40 என்று இருந்தது. பிறகு 65:35 ஆனது. சுருக்கமாக ஒரு கணக்கு: 100 கிலோ இலையில் 22 கிலோ தூள் கிடைக்கிறது, தூள் கிலோ 100 ரூபாய்க்கு விற்கிறது. மொத்தம் 2,200 ரூபாய். அதில் 65 சதவீதம் 1,430. இலைக்கு கிலோ 14.30 ரூபாய்.

இந்த வரியில் மூன்று எண்கள் பெருக்கலில் நிற்கின்றன. அதனால் எது 10 சதவீதம் ஏறினாலும் இலை விலையும் 10 சதவீதம் ஏறும். ஏல விலை 110 ஆனால் இலை 15.73. பங்கு 60இலிருந்து 65 ஆனதை "ஐந்து சதவீதம் கூடியது" என்று சொல்லிவிடுகிறோம். விவசாயி கையில் 13.20 ஆக இருந்திருக்க வேண்டியது 14.30 ஆகிறது, அது 8.33 சதவீத உயர்வு. தூள் விகிதம் 22இலிருந்து 23 ஆனால் ஒன்றுதான் கூடியதுபோலத் தெரியும். விலையில் அது 4.5 சதவீதம்.

வரவு = விலை × எடை. கொழுந்து கொட்டும் மாதங்களில் விலை இறங்குவது வழக்கம். விலை 20 சதவீதம் இறங்கி, இலை 25 சதவீதம் கூடினால்? 0.80 × 1.25 = 1. வரவு மாறவில்லை. 100 கிலோவை 20 ரூபாய்க்கு விற்றாலும் 2,000. 125 கிலோவை 16 ரூபாய்க்கு விற்றாலும் 2,000.

கையில் நிற்பது. பறிகூலி, உரம், வண்டிக்கூலி எல்லாம் சேர்த்து கிலோவுக்கு 14 ரூபாய் செலவு என்று வையுங்கள். 20 ரூபாய் விலையில் கிலோவுக்கு 6 ரூபாய் நிற்கும். விலை 10 சதவீதம் ஏறி 22 ஆனால் நிற்பது 8. அது 33 சதவீத உயர்வு. விலை 10 சதவீதம் இறங்கி 18 ஆனால் நிற்பது 4. மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. "பத்து சதவீதம்தானே குறைந்தது, இதற்கா இவ்வளவு போராட்டம்" என்று வெளியூர்க்காரர் கேட்டால், அவர் பேசுவது 20இன்மேல் பத்து என்றும், விவசாயி இழந்தது 6இன்மேல் 33 என்றும் சொல்லுங்கள்.

மேலே பார்த்த கொழுந்து மாதத்தையே மறுபடி எடுங்கள். செலவு முழுதும் கிலோக் கணக்கில் ஏறும் என்று வைத்தால், முன்பு 100 கிலோவுக்கு 600 ரூபாய் நின்றது. இப்போது 125 கிலோவுக்கு, கிலோவுக்கு 2 ரூபாய் வீதம், 250 ரூபாய்தான் நிற்கும். வரவில் மாற்றம் பூஜ்யம். கையிருப்பில் சரிவு 58 சதவீதம்.

இதே முறையில் கூலிப் பேச்சுவார்த்தையையும் அளக்கலாம். அந்த 14 ரூபாயில் பறிகூலி 8 என்றால், கூலி 10 சதவீதம் ஏறும்போது செலவு 80 பைசா கூடும். அதை ஈடுகட்ட இலை விலை 10 சதவீதம் ஏற வேண்டியதில்லை. 80 பைசா என்பது 20 ரூபாயில் 4 சதவீதம். அந்த 4 சதவீதம் ஏறாவிட்டால் கையில் நிற்பது 13 சதவீதம் குறையும். கூலி கேட்பவரும் கொடுப்பவரும் இந்த இரண்டு எண்ணையும் மேசையில் வைத்துப் பேசினால் பாதி வாக்குவாதம் குறையும்.

ஈரக் கழிவு. மழைக்காலத்தில் இலை ஈரமாக இருக்கிறது என்று எடையில் ஒரு பங்கைக் கழிப்பார்கள். விலை 10 சதவீதம் ஏறிய மாதத்தில் எடையிலும் 10 சதவீதம் கழித்தால் 1.10 × 0.90 = 0.99. ஏறியது போனதோடு இன்னும் ஒரு சதவீதம் கையை விட்டுப் போயிற்று. "கழிவு எத்தனை சதவீதம்ண்ணா?" என்று கேட்பதோடு நிற்காதீர்கள். "சாக்கு எடை கழித்தபின்னா, அதற்கு முன்பா?" என்றும் கேளுங்கள். அடித்தொகை அங்கேயும் மாறும்.

6. பின்னோக்கிப் போவது

விலை 10 சதவீதம் ஏறி 550 ஆகிவிட்டது. முன்பு எவ்வளவு? 550இல் பத்து சதவீதம் 55ஐக் கழித்து 495 என்று சொன்னால் தவறு. ஏறியது பழைய விலையின்மேல். 550 ÷ 1.10 = 500. ஏற்றியது பெருக்கல் என்றால் இறக்குவது வகுத்தல்.

தேயிலைத் தூள் பாக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். வரி உட்பட 210 ரூபாய் என்று போட்டிருந்தால், வரிக்கு முன் விலை 210 ÷ 1.05 = 200. வரி 10 ரூபாய். 210க்கு 5 சதவீதம் என்று 10.50 எழுதிவிடக் கூடாது. கடைக் கணக்கு எழுதுபவர்களுக்கு இந்த ஐம்பது பைசா ஆண்டு முடிவில் பெரிய தொகையாக நிற்கும்.

7. சதவீதமா, சதவீதப் புள்ளியா?

சதவீதமே ஒரு சதவீதத்திலிருந்து இன்னொரு சதவீதத்துக்கு மாறும்போது, இடைப்பட்ட வித்தியாசத்தைச் சதவீதப் புள்ளி என்று சொல்ல வேண்டும்.

தமிழக அரசு ஊழியர்களின் அகவிலைப்படி 2025 ஜூலை முதல் 55 சதவீதத்திலிருந்து 58 ஆனது. சம்பளம் 3 சதவீதம் கூடியதா? இல்லை. அடிப்படைச் சம்பளம் 30,000 என்றால் படி 16,500ஆக இருந்தது, 17,400 ஆனது. அடிப்படையும் படியும் சேர்ந்து 46,500இலிருந்து 47,400. உயர்வு 1.94 சதவீதம். படியை மட்டும் பார்த்தால் 5.45 சதவீத உயர்வு. மூன்று என்பது அடிப்படைச் சம்பளத்தின்மேல் மட்டும். ஒரே 900 ரூபாய்தான், அடித்தொகை மூன்று.

2025 செப்டம்பர் 22 முதல் பிஸ்கட்டுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. வரி 13 புள்ளி குறைந்தது. அதற்காகப் பாக்கெட் விலை 13 சதவீதம் குறைய வேண்டும் என்று கடைக்காரரிடம் சண்டை போடாதீர்கள். வரிக்கு முன் 100 ரூபாய் என்றால், முன்பு 118, இப்போது 105. 13 ரூபாய் குறைந்தது 118இன்மேல். எனவே 11 சதவீதம். 118 ரூபாய்ப் பெட்டி 105க்குக் கிடைத்தால் குறைப்பு முழுவதும் உங்களுக்கு வந்துவிட்டது.

8. கவனமாக இருக்க வேண்டிய இடங்கள்

எந்த நாளிலிருந்து? சென்னையில் வீட்டு சிலிண்டர் 2023 ஆகஸ்ட் வரை 1,118.50 ரூபாய். அம்மாத இறுதியில் 200 ரூபாய் குறைந்து 918.50. 2024 மார்ச்சில் 100 குறைந்து 818.50. 2025 ஏப்ரலில் 50 ஏறி 868.50. அந்த விலையை வைத்து ஒருவர் "சிலிண்டர் விலை 22 சதவீதம் குறைந்திருக்கிறது" என்கிறார். இன்னொருவர் "6 சதவீதம் ஏறியிருக்கிறது" என்கிறார். இருவரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் 2023 ஆகஸ்டிலிருந்து எண்ணுகிறார். மற்றவர் 2024 மார்ச்சிலிருந்து. மேடைப் பேச்சில் சதவீதம் வந்தால் முதலில் ஆண்டைக் கேளுங்கள். மலைக்கு வரும் சிலிண்டருக்கு வண்டிக்கூலியால் விலை சற்று மாறும். ஏறி இறங்கும் ரூபாய் அதேதான் என்பதால், அடித்தொகை கூடிய ஊரில் சதவீதம் மட்டும் கொஞ்சம் குறையும்.

மூட்டை சிறுத்தால்? யூரியா மூட்டை 45 கிலோ 266.50 ரூபாய். 2024 தொடக்கத்தில் கந்தகம் பூசிய யூரியா கோல்டு 40 கிலோ மூட்டையாக, அதே 266.50 ரூபாய்க்கு வந்தது. மூட்டை விலையில் உயர்வு பூஜ்யம். கிலோவுக்குப் பார்த்தால் 5.92இலிருந்து 6.66, 12.5 சதவீதம் கூடுதல். கந்தகம் சேர்ந்த உரம் என்பதால் இரண்டும் ஒரே சரக்கல்ல. ஒப்பிடும்போது அதையும் நினைவில் வைக்க வேண்டும். ஆனால் கணக்கின் விதி பிஸ்கட், சோப்பு, எண்ணெய் எல்லாவற்றுக்கும் பொருந்தும்: அளவு 11 சதவீதம் குறைந்தால் விலை 12.5 சதவீதம் ஏறியது என்று பொருள். பழைய அளவைப் புதிய அளவால் வகுத்தால் போதும்: 45 ÷ 40 = 1.125.

பூஜ்யத்திலிருந்து? மகளிருக்கான கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் 2021இல் தொடங்கி, 2024இல் மலைப்பகுதிகளுக்கும் வந்தது. 30 ரூபாய் டிக்கெட் பூஜ்யமானால் 100 சதவீதக் குறைவு. பூஜ்யத்திலிருந்து மறுபடி 30 ஆனால் எத்தனை சதவீத உயர்வு? அதற்கு விடையே கிடையாது. பூஜ்யத்தால் வகுக்க முடியாது. அப்படிப்பட்ட இடத்தில் ரூபாயில்தான் பேச வேண்டும்.

சின்ன அடித்தொகை. சுய உதவிக் குழுவில் இரண்டு பேர் இருந்தது ஐந்து பேரானால் 150 சதவீத வளர்ச்சி. கேட்கப் பெரிதாக இருக்கும். அடித்தொகை சிறியதாக இருந்தால் சதவீதத்தோடு எண்ணையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

50 + 20 தள்ளுபடி. ஸ்வெட்டர் கடையில் இப்படிப் பலகை வைத்திருந்தால் அது 70 சதவீதம் அல்ல. 0.50 × 0.80 = 0.40. நீங்கள் கொடுப்பது 40, தள்ளுபடி 60.

9. பயிற்சி

விடைகளைப் பார்க்காமல் செய்து பாருங்கள்.

1. டீ 12 ரூபாயிலிருந்து 15 ஆனது. உயர்வு எத்தனை சதவீதம்?
2. இலை 24இலிருந்து 18க்கு இறங்கியது. சரிவு எவ்வளவு? பழைய விலைக்குத் திரும்ப எத்தனை சதவீதம் ஏற வேண்டும்?
3. 18 சதவீத ஜிஎஸ்டி உட்பட ஒரு பொருள் 1,298 ரூபாய். வரி எவ்வளவு?
4. மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட் ஏற்றும் வண்டிக்கூலி ஒருமுறை 8 சதவீதம், பிறகு 5 சதவீதம் ஏறியது. மொத்தம்?
5. 2018 ஜனவரியில் எக்ஸ்பிரஸ் பேருந்துக் கட்டணம் கிலோமீட்டருக்கு 56 பைசாவிலிருந்து 80 ஆகி, பின் 75 ஆனது. நிகர உயர்வு?
6. இலை விலை 20இலிருந்து 22 ஆனது. அதே மாதம் ஈரக் கழிவு 5 சதவீதத்திலிருந்து 12 சதவீதம் ஆனது. உங்களுக்கு உண்மையில் எவ்வளவு ஏறியது?

விடைகள்

1. 15 ÷ 12 = 1.25. உயர்வு 25 சதவீதம்.
2. சரிவு 25 சதவீதம், திரும்ப 33.3 சதவீதம் ஏற வேண்டும்.
3. 1,298 ÷ 1.18 = 1,100. வரி 198 ரூபாய்.
4. 1.08 × 1.05 = 1.134. மொத்தம் 13.4 சதவீதம்.
5. 75 ÷ 56 = 1.339. நிகர உயர்வு 33.9 சதவீதம். இடையில் வந்த 80ஐத் தொடவே தேவையில்லை.
6. முன்பு 20 × 0.95 = 19 ரூபாய். இப்போது 22 × 0.88 = 19.36. ஏறியது 1.9 சதவீதம்தான். அறிவிப்புப் பலகையில் பத்து சதவீதம் என்று இருக்கும். எடைச் சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவருக்குத்தான் மீதி எட்டு எங்கே போனது என்று தெரியும்.